நீ வாங்கிப் போட்ட செங்கல்

எந்த அவசரத்துக்கும் அசையாத என் ஏழுமலை அண்ணனுக்கு,

அடுப்பு எரிகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் கேட்பாய். சௌக்கியமா என்று உன்னைக் கேட்க முடியாது, எனக்கும் சுற்றி வளைக்க வராது. பின்கட்டில், கிணற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில், நீ கயிறு பிடித்து அளந்த அதே இடத்தில்தான் நிற்கிறது. அடுப்பு வாசலை மட்டும் திருப்பிவிட்டேன். பின்தெருவைப் பார்த்து இருக்கட்டும், போகிறவர்கள் நெருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள் என்று சொல்லியிருந்தாய். ஆடிக் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. வாசலில் காற்று அடித்தால் புகை உள்ளேயே சுழலும். காற்று உன் பேச்சையும் கேட்காது, என் பேச்சையும் கேட்காது.

நல்ல செய்தி அவ்வளவுதான். அம்மா வீட்டில் இல்லை. போளூரில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு பாஷாவின் வெல்டிங் பட்டறையில் படுத்துக்கொள்கிறேன். உன் வீட்டில் அண்ணியும் பாப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். ராத்திரி துணைக்கு பாஷாவின் அம்மா வந்து படுக்கிறார். ஒரு ரொட்டி அடுப்பு கட்ட ஒரு குடும்பத்தையே பிரித்துப் போட வேண்டியிருக்கும் என்று நீ நினைத்திருப்பாயா?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதியையும் சேர்த்துத்தான். நீ செத்தபோது நான் ஊரில் இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் அப்ரண்டிஸாக லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தந்தி கைக்கு வந்து, பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். ஆகவே நான் சொல்வது எல்லாம் கேட்டுச் சேர்த்தது. தப்பிருந்தால் திருத்துவதற்கு நீ இல்லை.

வேலூர் பேக்கரியில் இன்னொருவனுக்கு மாவு பிசைந்தது போதும், சொந்தமாக அடுப்பு போடுகிறேன் என்று அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாய். ஆசிரமத்துப் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி, செங்கம் ரோட்டு டீக்கடைகளுக்கு பன்னும் பொறை ரொட்டியும். கணக்கு தப்பில்லை. பே கோபுரத் தெருவில் இடித்த பழைய வீட்டின் செங்கல்லை வண்டியில் ஏற்றி வந்து பின்கட்டில் இறக்கினாய். மழைக்காலம் பூராவும் அது அப்படியே கிடந்தது. 'சீக்கிரம் கட்டு' என்று நான் எழுதிய கடிதத்துக்கு 'அப்புறம் பார்த்துக்கலாம்டா' என்று பதில் போட்டாய்.

மழை விட்ட ஒரு காலையில் உடைந்த கல்லையும் முழுக் கல்லையும் பிரித்து வைக்கக் குவியலுக்குள் கை விட்டாய். உள்ளே சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காதாம். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

"எறும்பு கடிச்சாகூட இதவிட ஜாஸ்தி வலிக்கும்" என்று சிரித்தாயாம். அண்ணி சொன்னார். அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் செருப்பைக்கூட மாட்டிவிட்டாராம். அம்மாதான் குறுக்கே வந்தாள். "மொதல்ல பார்வை பாத்துட்டு வந்துடலாம் கண்ணு. அப்புறம் ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போவுது?" மலை சுற்றுகிற பாதையில் வேப்பிலை அடிக்கிற ஒருவரிடம் போனீர்கள். கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாய். பொழுது சாயும்போது பல் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம்தான் ஓட்டம். வேலூர் போகிற வழியில் கண்ணமங்கலம் தாண்டவில்லை.

சுருட்டையின் விஷம் மெதுவானது. ரத்தத்தை உறையவிடாது. மெதுவானது என்பதால்தான் அவகாசமும் உண்டு, மருந்தும் உண்டு. அன்றைக்கு நேராகப் போயிருந்தால் என்று ஆரம்பித்து எத்தனையோ முறை என் மனதுக்குள் பேசியிருக்கிறேன். ஒரு முறைகூட அந்த வாக்கியத்தை முடித்ததில்லை.

அம்மா வேறு வாக்கியம் வைத்திருந்தாள். "கல்லுதாண்டா அவன வாங்கிடுச்சு. இடிஞ்ச வூட்டுக் கல்லு. அந்த வூட்ல என்ன நடந்துச்சோ, யார் கண்டா?" பாம்பை அவள் குற்றம் சொல்லவே இல்லை. ஏரிக்கரைப் புற்றுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பாலும் முட்டையும் கொண்டுபோனாள். மிச்சம் இருப்பவர்களை விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிற மாதிரி.

மாசியில் உன் மச்சான் முனுசாமி செங்கத்திலிருந்து வந்தார். நான் அப்போது ராணிப்பேட்டையில்; இதுவும் கேட்டுச் சேர்த்ததுதான். தங்கச்சியைக் கூட்டிப் போகிறேன் என்றார். அதுவரை சரி. அண்ணன் என்றால் கேட்கத்தான் செய்வார். காப்பி குடித்து முடித்தபின் மீதியைச் சொன்னார்.

"ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன் அம்சா. சம்சாரம் தவறிப் போனவரு. ரெண்டு பசங்க. ஆத்தங்கரையில நெலம். தங்கமான மனுசன்."

"பாப்பா?" என்றார் அண்ணி.

"அவ எங்க வூட்ல வளரட்டும். அவருகிட்ட கேட்டேன். இன்னொருத்தன் கொழந்த வாணாம்னு சொல்லிட்டாரு. அதுவும் நாயம்தானே?"

அண்ணி அழவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவர் கோபத்தில் குரல் இன்னும் தாழும். "எனக்கு ரொட்டி போடத் தெரியும். வேலூர்ல உங்க மச்சான் வேலைல பாதி நான்தான் செஞ்சேன். அடுப்பு மட்டும் இருந்தா நான் யார் வூட்டுக்கும் போவ வாணாம்."

"அடுப்பு எங்க?"

அண்ணி பின்கட்டுக் கதவைத் திறந்து அந்தச் செங்கல் குவியலைக் காட்டினார். "அதோ."

முனுசாமி மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள இது எரிஞ்சு, உன் கையால நீ சாப்ட்டா இருந்துக்கோ. இல்லன்னா வந்து கூட்டினு போயிடுவேன். அப்புறம் பேச்சு கெடையாது."

கெட்டவர் இல்லை அண்ணா அவர். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பங்குனியில் என் அப்ரண்டிஸ் முடிந்தது. நிரந்தரம் செய்யவில்லை. ஊருக்கு வந்தேன். அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தம்பி, அடுப்புக்கு மேல வளைச்சு கும்மாச்சியா கட்டுவாங்களே, அது எப்படி வுழாம நிக்குது?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளுகிறது, எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் எதுவும் விழ வழியில்லை என்றேன். "நம்ம வூடு மாதிரி" என்றார் அண்ணி.

கல்லைத் தொடாதே என்றாள் அம்மா. புதுக் கல் வாங்கக் கையில் எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அவளோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் குவியல்மேல் ஊற்றிவிட்டு வந்து நின்றாள். "கல்ல எடுத்துக்கோ. ஆனா புத்து மண்ணு மட்டும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது. ஒரு உசுரு குடுத்தாச்சு. போதும்."

இங்கேதான் சிக்கல். நெருப்பில் நிற்கிற அடுப்புக்குப் புற்றுமண்ணை விட்டால் எங்கள் கைக்கு எட்டுகிற வேறு சாந்து கிடையாது. கறையான் அரைத்துக் கொடுத்த களிமண் அது. சூடு ஏற ஏறக் கல்லோடு கல்லாக இறுகும். சிமெண்ட் அப்படி இல்லை. சூட்டில் தன்னிடம் இருக்கிற தண்ணீரை விட்டுவிட்டு மாவாக உதிரும். இதை நான் வகுப்பில் படித்தவன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். ஆனாலும் சிமெண்ட்தான் போட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மணலைக் கொஞ்சம் ஜாஸ்தி கலந்து, சாந்தை மெல்லிசாகப் பூசினால் தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா சொன்னாள் என்பதற்காகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நீ. அம்மா சொன்னாள் என்பதற்காக நெருப்புக்கு சிமெண்ட் பூசியவன் நான். ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கட்டியது எப்படி என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். கருங்கல்லில் மேடை. அதன்மேல் மணல், மணல்மேல் தளக்கல். தளத்தின் நடுவில் ஈர மணலைக் குடம் கவிழ்த்த மாதிரி குவித்து, பழைய செய்தித்தாளை நனைத்துப் போர்த்தி, அதன்மேல் சுற்றிச் சுற்றிச் செங்கல் அடுக்கினேன். முதல் மூன்று சுற்று பிள்ளை விளையாட்டு. அதற்குமேல் கல் உள்பக்கம் சாய ஆரம்பித்தது. ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டே அடுத்த கல்லுக்குக் கை நீட்ட வேண்டும். லேத்தில் இரும்பை நூல் அளவு சுத்தமாகச் சீவுகிறவனுக்கு ஒரு வட்டம் ஒழுங்காக வரவில்லை. ஒரு பக்கம் உப்பிப் பல்வலி வந்த கன்னம் மாதிரி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாஷா தலையை நீட்டினான். உன் கூட்டாளிக்கு வாய் கொஞ்சமும் குறையவில்லை.

"என்னடா சேகரு, எங்க பள்ளிவாசலுக்கு மேல இருக்கறத உங்க வூட்டுப் பின்னால கட்டினு இருக்கே? உங்கம்மா என்னத்தான் திட்டப் போறாங்க."

"கதவு பண்ணித் தருவியா, மாட்டியா?"

"பண்ணுவேன். டிரம்மு தகடு ஒண்ணு கெடக்குது. ஆனா ஏழுமலை எனக்கு மொத பன்னு தரேன்னு வாக்கு குடுத்துட்டுப் போயிட்டான். அந்தக் கடன யாரு தீக்கறது?"

சொல்லிவிட்டு அவனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் தகடு வெட்டுகிற சத்தம் கேட்டது.

வைகாசியில் முதல் நெருப்பு. அண்ணி மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். சவுக்கு விறகு நன்றாகப் பிடித்து, உள்கூரையில் கரி படிந்து, பிறகு அந்தக் கரியே எரிந்து கல் வெளுக்க ஆரம்பித்தது. அப்படி வெளுத்தால் சூடு சரி என்று நீ சொல்வாயாம். அண்ணி நீண்ட கோலால் தணலை ஒதுக்கிவிட்டு மாவெடுக்க உள்ளே திரும்பினார். பட் என்று ஒரு சத்தம். வாசல் வளைவிலிருந்து உச்சிவரை ஒரு கோடு ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சிக் கற்கள் உள்ளே சரிந்தன. ஒரு மூச்சு முன்னால் அண்ணியின் முகம் இருந்த இடத்தில் தணல் சிதறி விழுந்தது.

அம்மா வெளியே வந்தாள். ஓட்டையிலிருந்து புகை வருவதைப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள். அவ்வளவுதான்.

அவள் போட்ட தடையால் சிமெண்ட். சிமெண்டால் இடிந்தது. இடிந்ததால் அவள் தடை சரி. அண்ணா, இந்த வட்டத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. நான் கட்டிய எதுவும் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

நான் வாயைத் திறந்தேன். நான் யார் என்று உனக்குத் தெரியும். நாக்கில் வந்ததை விழுங்கத் தெரியாதவன். அம்மாவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் மாதக் கணக்காகப் பல்லுக்குப் பின்னால் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அவளுக்கு அந்தக் கல் வேண்டும். கல் கொன்றதாக இருந்தால்தான் அவள் அடுத்த வேளை சோறு தின்ன முடியும். அதைப் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும்? வாயை மூடிக்கொண்டு இடிந்த கல்லை அள்ளப் போனேன்.

செய்தி செங்கத்துக்குப் போனது. ஆடி பிறந்ததும் முனுசாமி மாமா வந்து இடிபாட்டைச் சுற்றி வந்தார். இந்த முறை குரல் வேறு.

"ஏம்பா தம்பி, படிச்ச புள்ள நீ. வேல தேடாம இங்க என்னா பண்றே? ஊர்ல என்னா பேசறாங்க தெரியுமா? அண்ணன் பொண்டாட்டிக்கு கொழுந்தன் கோயில் கட்றான்றாங்க."

கையில் சாந்து பூசுகிற கரணை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். "மாமா, பேசறவன் யாருன்னு சொல்லுங்க. இங்க கூட்டினு வாங்க. கல்லு தூக்க ஆள் கம்மியா இருக்கு."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. கட்டனது நிக்கலையே!" என்றார் அவர். நான் மறுபடி கரணையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அண்ணி கடப்பாரையும் கூடையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "வாணாம் தம்பி. உங்கள சேத்து இன்னொரு கதை எதுக்கு?" என்றார். அம்மா பால் ஊற்றுகிற ஏரிக்கரைப் புற்று இல்லை அது. புறம்போக்கில், கறையானும் விட்டுப்போன செத்த புற்று. மழையில் பாதி கரைந்தது. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது. செம்மண் நிறத்தில் கூடை நிறைய அண்ணி பின்வாசலில் வந்து நின்றபோது அம்மா படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத கீழ கொட்டு. வெளியவே கொட்டிட்டு வா."

"அத்தே, இது இல்லன்னா அடுப்பு நிக்காது."

"நிக்க வாணாம். அது இந்தப் படி தாண்டினா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்."

கூடை தலையிலேயே இருந்தது. மண் தூள் அண்ணியின் நெற்றியில் உதிர்ந்துகொண்டிருந்தது. "அத்தே, அடுப்பு இல்லன்னா ஆவணியில எங்கண்ணன் வருவாரு. நான் ஒரு ஊர்லயும் பாப்பா ஒரு ஊர்லயும் இருப்போம். அப்ப நீங்க தடுப்பீங்களா?"

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க. தடுப்பீங்களா?"

"நான் எப்படிம்மா தடுக்க முடியும்? அவரு உன் கூடப் பொறந்தவரு."

"அப்ப யாராவது ஒருத்தர் இந்த வூட்ட விட்டுப் போவத்தான் போறோம்" என்றார் அண்ணி. சத்தமே போடவில்லை. படியைத் தாண்டி உள்ளே வந்து, கிணற்றடியில் கூடையைக் கவிழ்த்தார்.

அன்றைக்கே அம்மா கிளம்பினாள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நான் கூடப் போனேன். போளூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்காரவைத்தேன். இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன். என்னைப் பார்க்காமல், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி பேசினாள்.

"கல்லு இல்ல, புத்து இல்ல, மண்ணு இல்லன்னு சொல்லிட்டே. படிச்சவன், சரியாத்தான் இருக்கும். எல்லாத்தையும் தள்ளிட்டா என்னடா மிச்சம்? அப்ப நான்தானே?"

பஸ் கிளம்பிவிட்டது.

நான் விழுங்கி வைத்திருந்த வாக்கியம் அதுதான் அண்ணா. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அவள் அதன்மேல் கல்லை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றாக உருவி எடுத்திருக்கிறேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நீயாக நடந்து போனாய். வேலூரில் இருந்தவன், ஊசி மருந்து என்றால் என்ன என்று தெரிந்தவன். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். 'அம்மா, நீ சும்மா இரு' என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? அம்மா பயந்துவிட்டாள், அவளைக் கொஞ்சம் அமைதிப்படுத்தலாம் என்று நினைத்தாயா? கையில் கயிறோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவையாவது உனக்குச் சந்தேகம் வரவில்லையா?

இரண்டாவது அடுப்பை ஆடியில் கட்டினோம். ஆடியில் யாரும் வேலை தொடங்குவதில்லை என்பதால் மணல் வண்டிக்காரர் கூப்பிட்டதும் வந்தார். புற்றுமண்ணை ஊறவைத்து, மணலும் உமியும் போட்டு அண்ணியும் பாப்பாவும் மிதித்தார்கள். பாப்பா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இந்த முறை மணல் குவியலின் நடுவில் ஒரு குச்சி நட்டு, கயிறு கட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் அந்தக் கயிறால் அளந்து வைத்தேன். கன்னம் உப்பவில்லை. பொழுது சாய்ந்ததும் நான் பட்டறைக்குப் போய்விடுவேன். ஊர் பேசுகிறது என்று முனுசாமி மாமா சொன்னது அவ்வளவும் பொய்யாக இருக்கலாம். ஆனால் அதைச் சுமக்கப்போவது அண்ணி.

உச்சிக் கல்லை வைத்து, காயவிட்டு, வாசல் வழியாக மணலைக் கையால் வாரினேன். கை உள்ளே தோள்வரை போய்விட்டது. மேலே இருக்கிற கல்லை இனி மணல் தாங்கவில்லை என்று தெரிகிற ஒரு நேரம் வரும், உள்ளங்கைக்கு மேலே வெறும் காற்று இருக்கும். அப்போது கல் ஒன்று முனகியது. நான் அசையவில்லை. அண்ணியும் அசையவில்லை. பாஷா சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன், "டேய், தலைய மட்டும் உள்ள வுடாத" என்றான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. நின்றது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றது.

பிறகு கடலைத் தோலில் சின்ன நெருப்பு. தினமும் அதைவிடக் கொஞ்சம் பெரிய நெருப்பு. வெளியே ஆவி வருவது நிற்கும்வரை விறகு காட்டக் கூடாது. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை. நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். விரிசல் வந்தது, மயிரிழை விரிசல்தான். மண்ணைக் குழைத்து அடைத்தோம்.

ஆவணி பிறந்ததும் சொன்னபடி முனுசாமி மாமா வந்தார். கூட வேறொருவரும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மழித்த முகம், பேசாத ஆள். அந்த ஆற்றங்கரை நிலக்காரர்தான். மாமா அவரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அண்ணி தலையை மூடிக்கொண்டு அடுப்பு வாசலில் குனிந்திருந்தார். திரும்பிப் பார்த்தார், வாங்க என்றார், மறுபடி குனிந்தார். பன் வேகிற நேரத்தில் நிமிர்ந்து மரியாதை செய்ய முடியாது. தட்டுத் தட்டாக வெளியே எடுத்தார். செங்கம் ரோட்டு டீக்கடைப் பையன் சைக்கிளில் கூடையோடு காத்திருந்தான். "அக்கா, நேத்து கொஞ்சம் தீஞ்சிருந்துச்சாம், மொதலாளி சொல்லச் சொன்னாரு" என்றான். "அடில கல்லு சூடு ஜாஸ்தி. நாளைக்கு சரியா இருக்கும்னு சொல்லு" என்றார் அண்ணி.

வந்தவர் ஒரு பன்னைப் பிட்டுச் சாப்பிட்டார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு முனுசாமி மாமாவிடம், "நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்று எழுந்து போய்விட்டார். மாமா அடுப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். என்னைப் பார்த்து, "நீ எங்க படுக்கறே?" என்றார். பட்டறையைக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன் அம்சா. அதுவரைக்கும்தான்."

"பொங்கலுக்கு வாங்கண்ணா. புள்ளைங்களையும் கூட்டினு வாங்க" என்றார் அண்ணி. அவர் தெரு திரும்புகிறவரை அண்ணி நின்றார். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, நீ செத்த அன்றைக்கும் அழாத அழுகையை அழுதார். நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

ஆக, பொங்கல்வரை அண்ணி இருக்கிறார். மழை வரும், டீக்கடைக்காரர் கடன் சொல்வார், அடுப்பு இன்னொரு முறை விரியலாம். இது ஜெயிப்பு இல்லை. தவணை.

போன ஞாயிறு போளூர் போனேன். நாலு பன் கொண்டுபோனேன். அம்மா இளைத்துவிட்டாள். பன்னை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். நான் கிளம்பும்போது பார்த்தேன். சின்னம்மா வீட்டு மாட்டின் வாயில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பாப்பா என்னத் தேடுதா?" தேடுகிறது என்றேன். வீட்டுக்கு வா என்றேன். "அத இடிச்சிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அவள் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. ஆனால் அது அங்கேயே, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அண்ணா, உனக்கு நான் ஒரு வாக்கு தருகிறேன். அடுப்பை இடிக்க மாட்டேன். அம்மாவையும் விட மாட்டேன். வேலை எங்கே கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை போளூர் போவேன். பன்னை மாட்டுக்குப் போட்டால் அடுத்த ஞாயிறும் கொண்டுபோவேன். என்றைக்காவது அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள். அன்றைக்கு 'இல்லம்மா' என்று பொய் சொல்ல மாட்டேன், அவள் நம்பமாட்டாள். 'ஆமாம்' என்றும் சொல்ல மாட்டேன். அது முழுக்க உண்மை இல்லை. அவளிடம் இப்படிச் சொல்லுவேன்: கடித்தது பாம்பு. பயந்தது நீ. எழுந்து நடந்து போனது அண்ணன். ஊரில் இல்லாமல் போனது நான். இதை ஒருத்தி மட்டும் தூக்க வேண்டியதில்லை அம்மா, எங்கள் பங்கை எங்களிடம் கொடு. அண்ணா, உன்னைக் கேட்காமல் உன் பங்கையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்படிச் சொல்லி அவளைக் கூட்டி வருவேன். சொல்லத் தெரியாமல் உளறினால், திரும்ப ஒரு முறை போய் ஒழுங்காகச் சொல்லுவேன்.

ஒரே வயிற்றில் உனக்குப் பின்னால் வந்து, இனி உன் இடத்தில் நிற்க வேண்டியவன்,
உன் தம்பி
சேகர்